குழந்தைகளின் காசநோயும் அதனைக் கண்டறியும் முறையும்



காசநோய் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது மெலிந்த உடலும் ஓயாத இருமலும் உடைய வயதுவந்த ஒருவரின் உருவமே. கசம் என்றும் சயம் என்றும் நம் முன்னோர் வழங்கிய இந்நோய் பாற்பற்கள் விழாத பாலரையும் பற்றும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பொதுமக்களை இதன்பொருட்டுக் குறைகூறுவதற்கில்லை. நோயின் காரணம் இன்னதென்று அறியப்பட்டு நூறாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரும், உலகத்துக் காசக் கணக்கேடுகளிலே குழந்தைகளுக்கு ஒழுங்கான ஓர் இடம் இருந்ததில்லை. நோய் அவர்களை விட்டுவைத்தது என்று இதற்குப் பொருளில்லை. நோயைக் கண்டறிய மனிதன் ஆக்கிய சோதனைகள் யாவும் வயதுவந்தோரின் உடலை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டவை. குழந்தை அந்தச் சோதனைகளின் கைக்கு அகப்படவில்லை. அகப்படாத குழந்தை எண்ணப்படவுமில்லை. இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது, அண்மைக் காலத்தில் எவ்வாறு ஓரளவு மாறியது, இன்னும் மாறவேண்டியது யாது என்பவற்றை வரலாற்று முறையிலே எடுத்துக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

வரலாறு 1882ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24ஆம் நாள் பேர்லின் நகரத்திலே தொடங்குகின்றது. அன்று மாலை அந்நகரின் உடற்றொழிலியற் சங்கத்தின் கூட்டத்திலே றொபேட் கொக் என்னும் வைத்தியர் எழுந்து, காசநோயை உண்டாக்குவது ஒரு கிருமியே என்று நிறுவிக் காட்டினார். இறக்கும் மனிதரில் ஏழு பேருக்கு ஒருவர் இந்நோயால் இறக்கின்றனர் என்பது அவர் அன்று கூறிய கணக்கு. பரம்பரைக் குற்றம் என்றும், உடல் வாகு என்றும், விதியென்றும் பலவாறு விளக்கப்பட்டு வந்த ஒரு நோய்க்கு அன்றுதான் கண்ணாற் காணத்தக்க ஒரு காரணம் கிடைத்தது. பவுல் ஏர்லிக், பிரான்ஸ் சீல், பிரடெரிக் நீல்சன் ஆகியோர் அடுத்தடுத்துக் கிருமிக்குச் சாயமூட்டும் முறையைச் செம்மைப்படுத்தினர். சிவப்புச் சாயத்தை ஏற்ற காசக்கிருமி அமிலத்தாற் கழுவினாலும் அந்நிறத்தை விடாது. நீலப் பின்னணியிலே சிறு செந்நிறக் கோல்களாக நுணுக்குக்காட்டியின் கீழ்த் தோன்றும். சீல், நீல்சன் என்னும் இருவரின் பெயராலும் வழங்கும் அம்முறை இன்றும் உலகெங்கும் கையாளப்படுகின்றது. எளியது, மலிவானது, ஒரு நாளில் முடிவு தருவது.

ஆனால் அதற்கு ஒன்று வேண்டும், அதுவே சளி. நோயாளி ஆழமாக இருமி, நெஞ்சின் அடியிலிருந்து சளியை வெளிக்கொணர்ந்து, ஒரு சிறு கிண்ணத்திலே துப்பித் தரவேண்டும். அச்சளியிலும் கிருமி மிகுதியாக இருத்தல் வேண்டும். ஒரு மில்லிலீற்றர் சளியில் ஏறக்குறைய 5,000 முதல் 10,000 வரையான கிருமிகள் இருந்தாலன்றி நுணுக்குக்காட்டிக்கு அவை புலப்படா. வயதுவந்த நோயாளியின் சுவாசப்பையிலே நோய் முற்றும்போது பொந்துகள் தோன்றுகின்றன. அப்பொந்துகளிலே கிருமிகள் கோடிக்கணக்கிற் பெருகுகின்றன. ஒவ்வோர் இருமலிலும் வெளிவருகின்றன. ஆகவே, அவரிடத்து இச்சோதனை நன்கு பயன்பட்டது.

குழந்தையின் நிலையோ வேறு. நான்கைந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சளியைத் துப்பத் தெரியாது. வந்த சளியை அது விழுங்கிவிடும். அஃதன்றி, குழந்தையின் உடலில் நோய் நடக்கும் விதமே வேறு. வியன்னா நகரத்திலே சிறுவரின் பிரேதங்களை நுணுகி ஆராய்ந்த அன்ரன் கோன் என்னும் அறிஞர் 1912ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே இதனை விளக்கினார். கிருமி சுவாசப்பையின் ஓரிடத்தில் ஒரு சிறு புண்ணை உண்டாக்குகின்றது; அங்கிருந்து அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குச் சென்று அவற்றை வீங்கச் செய்கின்றது. அந்த முதற்புண் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றது. பெரும்பாலான குழந்தைகளிடத்து நோய் இக்கணுக்களின் அளவிலே நிற்கும். பொந்து தோன்றுவது அரிது. கிருமிகளின் தொகையும் மிகக் குறைவு. எனவே குழந்தை சளியைத் தந்தாலும் அதிற் கிருமி தென்படுவது அருமையாயிற்று. காசநோயுடைய குழந்தைகளுள் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேரிடத்துக்கூட நுணுக்குக்காட்டியாற் கிருமியைக் காண்பது கடினம்.

கிருமி குறைவாயின் ஆபத்தும் குறைவுதானே என்று ஒருவர் நினைக்கக்கூடும். அந்நினைவு பிழையானது. மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் வைத்தியர்கள் எழுதிவைத்த பதிவுகளைத் தென்னாபிரிக்க அறிஞர்கள் 2004ஆம் ஆண்டளவிலே திரட்டி ஆராய்ந்தனர். கிருமி தொற்றிய சிசுக்களுள், ஒரு வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நோய்வாய்ப்பட்டனர் என்பதும், அவர்களுட் பலர் தொற்றிய ஓராண்டுக்குள்ளேயே நோயுற்றனர் என்பதும் அவ்வாராய்ச்சியால் தெளிவாயின. இளங்குழந்தையின் உடலிலே கிருமி இரத்தத்தின் வழியே பரவி மூளைச் சவ்வைத் தாக்கினால், சில வாரங்களிலே உயிர் போகும். உயிர் தப்பினும் பார்வையோ கேள்வியோ அறிவோ குறைபடுதல் உண்டு. ஆகவே கிருமி குறைந்த இந்நோயாளியைத்தான் மிக விரைந்து கண்டறிதல் வேண்டும். வரலாற்றில் நடந்ததோ அதற்கு எதிர்மாறானது.

குழந்தை வைத்தியர்கள் வாளாவிருந்தனர் என்று கூறுதல் நியாயமாகாது. பாரிசிலே அன்றி மெனியே என்பார் 1898இல் ஒரு வழி கண்டார். குழந்தை இரவெல்லாம் விழுங்கிய சளி காலையில் அதன் இரைப்பையில் இருக்குமன்றோ? ஆகவே, விடியுமுன் வெறுவயிற்றோடு இருக்கும் குழந்தையின் இரைப்பைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, அங்குள்ள நீரை எடுத்துச் சோதித்தார். இம்முறை நூறாண்டுகளுக்கு மேலாக நிலைத்தது. எனினும், குழந்தையை வைத்தியசாலையிலே தங்கவைத்து, மூன்று விடியற்காலைகளில் அழ அழ மூக்கினூடே குழாய் செலுத்தவேண்டிய ஒரு முறையை எத்தனை கிராமத்து வைத்தியசாலைகள் கைக்கொள்ளக்கூடும்? எத்தனை தாய்மார் அதற்கு இசைவர்?

வியன்னாவிலே கிளெமென்ஸ் பொன் பிர்க்கே என்னும் குழந்தை வைத்தியர் வேறொரு வழியிற் சென்றார். காசக்கிருமியின் சாற்றிலிருந்து கொக் ஆக்கிய ரியூபர்க்குலின் என்னும் பொருள் மருந்தாகத் தோல்வியுற்றது. அதனையே பிர்க்கே 1907இல் சோதனைக் கருவியாக்கினார். குழந்தையின் தோலைச் சிறிது கீறி அப்பொருளை இட்டால், முன்னரே கிருமி புகுந்த உடலில் அவ்விடம் சிவந்து தடிக்கும். அடுத்த ஆண்டிலே சார்ள்ஸ் மாந்தூ என்னும் பிரெஞ்சு வைத்தியர் அதனை ஊசியால் தோலினுள்ளே செலுத்தும் முறையாக்கினார். மாந்தூச் சோதனை என இன்றும் வழங்குவது அதுவே. இச்சோதனையின் பயன் பெரிது; ஆனால் எல்லை குறுகியது. கிருமி உடலினுட் புகுந்ததா என்பதை அது சொல்லும். புகுந்த கிருமி நோயாக மாறியதா என்பதைச் சொல்லாது. மிக மெலிந்த குழந்தையிடத்து, நோய் கடுமையாக இருக்கும்போதே, தோல் தடிக்காமற் போவதும் உண்டு. 1895இல் றொன்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ் கதிர்ப் படமும் உதவியது. ஆயினும் படத்திலே தோன்றும் நிழல் காசத்தினுடையதா, வேறு நோயினுடையதா என்று உறுதி கூறுவது கைதேர்ந்தவருக்கும் எளிதன்று.

கிருமியை ஆய்வுகூடத்திலே வளர்த்துப் பார்ப்பது இன்னொரு வழி. முட்டையைச் சேர்த்து ஆக்கிய லோவன்ஸ்ரைன்–ஜென்சன் ஊடகத்திலே மிகச் சில கிருமிகள் இருந்தாலும் வளரும். ஆனால் காசக்கிருமி சோம்பல் மிக்கது. வேறு பல கிருமிகள் அரைமணி நேரத்திற்குள் இரண்டாகப் பிரியும்; இதற்கோ ஏறக்குறைய ஒரு நாள் செல்லும். ஆகவே முடிவு தெரிய ஆறு வாரமோ எட்டு வாரமோ ஆகலாம். மூளைச் சவ்வு தாக்கப்பட்ட குழந்தை அந்த முடிவுக்காகக் காத்திராது. மேலும், காசமென்று வைத்தியர் முடிவுசெய்யும் குழந்தைகளுள் நூற்றுக்கு முப்பது நாற்பது பேரிடத்தேதான் வளர்ப்பு முறையாலும் கிருமி கிடைத்தது.

மருந்து இல்லாதவரை, நோயைக் கண்டறிவதாற் கிடைக்கும் நன்மை சிறிதாகவே இருந்தது. 1943இல் அமெரிக்காவின் றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்திலே வக்ஸ்மனின் ஆய்வுகூடத்தில் அல்பேட் சற்ஸ் ஸ்ரெப்டோமைசினைக் கண்டார். 1952இல் ஐசோனியாசிட் வந்தது. பின்னர் ரிபாம்பிசினும் வந்தது. 1956இல் சென்னையிலே தொடங்கிய ஆராய்ச்சி, நோயாளியை நல்ல உணவும் ஓய்வும் உள்ள சானற்றோரியத்தில் வைத்தாலும், ஏழ்மை நிறைந்த வீட்டிலே வைத்தாலும், மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் பலன் ஏறக்குறைய ஒன்றே என்று உலகுக்குக் காட்டியது. இதனால் காசம் வீட்டிலிருந்தே மாற்றத்தக்க நோயாயிற்று. ஆதலின் அக்காலந்தொட்டுக் காசத்தால் இறக்கும் குழந்தைகளுட் பெரும்பாலோர் மருந்து இல்லாமையால் அன்று, நோய் கண்டறியப்படாமையாலேயே இறக்கின்றனர் எனலாம்.

1993இல் உலக சுகாதார தாபனம் காசநோயை உலகப் பேராபத்து என்று பிரகடனம் செய்தது. அதனையடுத்து வகுக்கப்பட்ட திட்டத்தின் நடுநாயகமாக அமைந்தது சளிச் சோதனை. சளியிற் கிருமி காணப்படுபவரே நோயைப் பிறருக்குப் பரப்புபவர். ஆகவே அவர்களை முதலிற் கண்டுபிடித்துக் குணமாக்குக என்பது கொள்கை. பணமும் ஆளும் குறைந்த நாடுகளுக்கு அக்கொள்கை பொருத்தமாகவே தோன்றியது. கோடிக்கணக்கான உயிர்களையும் அது காத்தது. எனினும், குழந்தையின் சளியிற் கிருமி தென்படுவதில்லை. குழந்தை நோயைப் பரப்புவதும் அருமை. இவ்விரு காரணங்களாலும் குழந்தைகள் திட்டத்தின் ஓரத்திலே ஒதுக்கப்பட்டனர். நாடுகள் அனுப்பிய அறிக்கைகளிலும் வயதுவாரியான கணக்கு, சளியிற் கிருமி கண்டவர்க்கே பெரும்பாலும் இருந்தது.

ஒதுக்கப்பட்டதன் விளைவு யாது? சாம்பியா நாட்டின் லுசாக்கா நகரப் போதனா வைத்தியசாலையிலே, சுவாச நோயால் இறந்த 264 குழந்தைகளின் சுவாசப்பைகளை இறந்தபின் பரிசோதித்து 2002இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடத்துக் காசம் இருந்தது. நியூமோனியா என்னும் பெயரின் கீழே காசம் மறைந்து கிடந்ததை அவ்வறிக்கை உலகுக்கு உணர்த்தியது.

இனி, புதிய சோதனை வந்த கதைக்கு வருவோம். 1983இல் அமெரிக்க இரசாயனவியலாளர் கரி மல்லிஸ் ஓர் உத்தியைக் கண்டார். உயிரினத்தின் பரம்பரைச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. என்னும் இழையில் நமக்கு வேண்டிய ஒரு சிறு துண்டைத் தேர்ந்து, அதனை ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து நான்கு என இரட்டித்துக்கொண்டே சென்று, ஒருசில மணி நேரத்திற்குள் கோடிக்கணக்காக்கலாம். கொரோனாக் காலத்திலே வீடுதோறும் அறியப்பட்ட பி.சி.ஆர். இதுவேயாகும். கிருமி வளரும்வரை வாரக்கணக்காகக் காத்திராமல், கிருமியின் கையொப்பத்தை மட்டும் பெருக்கிப் படித்துவிடலாம் என்பது இதன் சிறப்பு. 1998இல் காசக்கிருமியின் பரம்பரைச் செய்தி முழுவதும், ஏறத்தாழ 44 இலட்சம் எழுத்துக்கள், வாசித்து முடிக்கப்பட்டது. அறிவு கையில் இருந்தது. ஆனால் தூய்மை மிக்க அறைகளும் தேர்ச்சி மிக்க ஆய்வாளரும் இல்லாத இடத்தில் அதனைப் பயன்படுத்த இயலவில்லை. ஒரு மாதிரியின் துணுக்கு இன்னொன்றிற் கலந்தால், நோயற்றவரையும் நோயாளியென்று காட்டிவிடும்.

அத்தடையை நீக்கிய கருவியின் வளர்ச்சியிலே எதிர்பாராத ஓர் அத்தியாயம் உண்டு. 2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் அந்த்ராக்ஸ் என்னும் கொடிய நோய்க்கிருமியைக் கடிதங்களில் இட்டு யாரோ அனுப்பினர்; ஐவர் இறந்தனர். அதன் பின்னர், அஞ்சல் நிலையங்களிலே அக்கிருமியைத் தானாகவே சோதிக்கும் இயந்திரங்கள் பொருத்தப்பட்டன. கலிபோர்னியாவின் செபீட் நிறுவனத்தின் ஜீன்எக்ஸ்பேர்ட் தொழில்நுட்பம் அதிற் பயன்பட்டது. நியூ ஜேர்சியைச் சேர்ந்த டேவிட் அலண்ட் முதலிய ஆராய்ச்சியாளரும், ஜெனீவாவைத் தளமாகக் கொண்ட ஃபைண்ட் என்னும் அமைப்பும் அந்நிறுவனத்தோடு கூடி, அதே தொழில்நுட்பத்தைக் காசத்தின்பால் திருப்பினர்.

அச்சோதனை நடைபெறும் விதம் இது. சளியோடு ஒரு திரவத்தைக் கலந்து கால்மணி நேரம் வைப்பர். பின்பு, மூடிய ஒரு சிறு பிளாஸ்ரிக் பெட்டகத்துள் அதனை இட்டு இயந்திரத்திற் பொருத்துவர். எஞ்சிய வேலையெல்லாம் பெட்டகத்தினுள்ளேயே நடைபெறும். கிருமி பிடிக்கப்பட்டு, ஒலியலையால் உடைக்கப்பட்டு, அதன் டி.என்.ஏ. பெருக்கப்படும், கிருமிக்குரிய துண்டு அகப்பட்டால் ஒளிரும் பொருள்கள் ஒளிவீசும். ரிபாம்பிசின் மருந்துக்குக் கிருமி பணியுமா பணியாதா என்பதையும் அந்த ஒளியே உணர்த்தும். இரண்டு மணி நேரத்திற்குள் முடிவு கிடைக்கும். பெட்டகம் மூடியிருப்பதால் ஒன்றோடொன்று கலக்கும் அச்சம் மிகக் குறைவு. 2010இல் பேரு, அசர்பைஜான், தென்னாபிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளின் 1,730 நோயாளரிடத்துச் செய்த ஆய்வின் முடிவு வெளிவந்தது; அவ்வாண்டு டிசம்பரிலே உலக சுகாதார தாபனம் இதனை ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த ஆய்விலே பங்குகொண்டோர் வயதுவந்தோர். 1882இற் போலவே, 2010இலும் முதலிற் பயனடைந்தவர் பெரியவரே.

குழந்தைகளுக்கு இக்கருவி பயன்படுமா என்னும் கேள்விக்கு முதலில் விரிவான விடை தந்த நகரம் தென்னாபிரிக்காவின் கேப் டவுன். காசமும் எயிட்ஸ் நோயும் ஒருங்கே வாட்டிய நகரம் அது. அங்குள்ள செஞ்சிலுவைப் போர் நினைவுச் சிறுவர் வைத்தியசாலையைச் சேர்ந்த ஹெதர் சார் என்னும் பெண் வைத்தியரும் அவர்தம் குழுவினரும், உப்பு நீராவியைச் சுவாசிக்கச் செய்து குழந்தையிடமிருந்தும் சளியைப் பெறலாம் என்று 2005இற் காட்டினர். ஐந்து வயதும் அதற்குக் குறைந்த வயதும் உடைய 250 குழந்தைகளிடத்துச் செய்த அவ்வாய்வின்படி, அவ்வாறு ஒருமுறை எடுத்த சளி, மூன்று நாள் இரைப்பையிற் குழாயிட்டு எடுத்த நீருக்கு ஈடாக இருந்தது. 2011இல் மார்க் நிக்கோலும் சாரும் அடங்கிய குழுவினர், சளிச் சோதனை, வளர்ப்பு முறை, புதிய கருவி ஆகிய மூன்றையும் 452 குழந்தைகளிடத்து ஒப்பிட்டனர். அக்குழந்தைகளின் நடுவயது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. வளர்ப்பு முறையாற் கிருமி உறுதியான குழந்தைகளுள், இரண்டு மாதிரிகளைச் சோதித்தபோது நுணுக்குக்காட்டி கண்டது நூற்றுக்கு 38 பேரை. புதிய கருவி கண்டதோ நூற்றுக்கு 76 பேரை. ஒன்று இரண்டாயிற்று. வாரங்கள் மணிகளாயின.

2013இல் உலக சுகாதார தாபனம் இச்சோதனையைக் குழந்தைகளுக்கும் பரிந்துரைத்தது. 2017இல் அல்ட்ரா என்னும் செம்மைப்படுத்திய பெட்டகம் ஏற்கப்பட்டது. முன்னையது ஒரு மில்லிலீற்றரில் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட கிருமிகள் இருந்தாற்றான் காணும்; பின்னையது ஏறக்குறைய 16 கிருமிகளையும் காணவல்லது. கிருமி குறைந்த குழந்தை நோயாளிக்கு இவ்வேறுபாடு மிகப் பெரியது. இந்தியாவின் கோவாவிலே ஆக்கப்பட்டு, மின்கலத்தால் இயங்கவல்ல ட்ரூநாற் என்னும் கருவியும் 2020இல் அங்கீகாரம் பெற்றது.

இக்காலத்தில் மெனியேயின் பழைய எண்ணம் புதிய வடிவிலே மீண்டும் வந்தது. குழந்தை விழுங்கிய சளி இரைப்பையோடு நின்றுவிடுவதில்லை, குடலின் வழியே செல்கின்றது, கிருமியின் டி.என்.ஏ. மலத்திலும் எஞ்சுகின்றது. அங்ஙனமாயின் குழாய் எதற்கு? சிறிதளவு மலத்தை எடுத்து, வழக்கமான திரவத்தோடு கலந்து, படியவிட்டு, மேலுள்ள நீரைப் பெட்டகத்தில் இடும் எளிய முறைகள் உருவாயின. 2020 முதல் உலக சுகாதார தாபனம் மலத்தையும் குழந்தைகளுக்குரிய ஒரு மாதிரியாக ஏற்றுள்ளது. ஊசியில்லை, குழாயில்லை, அழுகையில்லை. எந்தத் தாயும் எடுத்துக் கொடுக்கக்கூடியது. குழந்தையிடம் பெரியவரின் சளியைக் கேட்டுக்கொண்டிருந்த வைத்தியம், குழந்தையால் தரக்கூடியதைக் கேட்கத் தொடங்கியமை இவ்வரலாற்றின் முக்கியமான திருப்பம் என்று கருதுகின்றேன்.

இத்துடன் குறை யாவும் தீர்ந்தன என்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். அல்ட்ரா பெட்டகமும், சளியிற் கிருமி வளர்ந்து உறுதியான குழந்தைகளுள் நான்கில் மூன்று பங்கினரையே ஏறத்தாழக் காண்கின்றது; மலத்தில் அதனினும் குறைவு. வளர்ப்பு முறையே அரைவாசிக்கு மேற்பட்டோரைத் தவறவிடுகின்றது என்று முன்னர்க் கூறினேன். ஆகவே, தவறவிடும் ஓர் அளவுகோலைக் கொண்டே புதிய கருவியும் அளக்கப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது. கருவி கிருமி உண்டு என்று சொன்னால் அதனைப் பெரும்பாலும் நம்பலாம். இல்லை என்று சொன்னால், இம்மாதிரியில் அகப்படவில்லை என்பதே அதன் பொருள். குழந்தைக்குக் காசம் இல்லை என்பது பொருளன்று.

இந்த நுணுக்கத்தை ஓர் ஆராய்ச்சி நன்கு விளக்குகின்றது. கோட்டிவுவார், கமரூன், உகண்டா, மொசாம்பிக், சாம்பியா, கம்போடியா ஆகிய ஆறு நாடுகளின் வைத்தியசாலைகளிலே, கடும் நியூமோனியாவோடு வந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவருக்கும் அல்ட்ராச் சோதனை செய்து பார்த்தனர். முடிவு 2023இல் வெளிவந்தது. இறப்பு வீதம் குறையவில்லை. இதனாற் சோதனை வீண் என்று நான் கூறவில்லை. இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்த மாத்திரத்தில் உயிர்கள் காக்கப்படமாட்டா என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். மெலிவு, பிற நோய்கள், காலந்தாழ்த்தி வருதல் ஆகிய யாவும் குழந்தையின் விதியை நிர்ணயிக்கின்றன.

எனவே 2022இல் வெளிவந்த வழிகாட்டலிலே, குழந்தையின் நோய்க்குறிகளையும், வீட்டில் நோயாளி உண்டா என்பதையும், எக்ஸ் கதிர்ப் படத்தையும், சோதனை முடிவையும் சேர்த்து வைத்துச் சிகிச்சை தொடங்குவதா என்று முடிவுசெய்யும் முறைகள் எடுத்துரைக்கப்பட்டன. சோதனை இயலாதவிடத்தும், சோதனையிற் கிருமி அகப்படாதவிடத்தும், குறிகள் போதியனவாயின் சிகிச்சையைத் தொடங்கலாம். அதே ஆண்டில் உகண்டா, சாம்பியா, தென்னாபிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளின் 1,204 பிள்ளைகளிடத்துச் செய்த ஆராய்ச்சியின் முடிவும் வெளிவந்தது. நோய் கடுமையடையாத பிள்ளைகளுக்கு ஆறு மாதச் சிகிச்சைக்குப் பதிலாக நான்கு மாதம் போதும் என்று அது நிறுவியது. நோய் முற்றுமுன் கண்டால் சிகிச்சையும் குறுகும் என்பது இதனால் விளங்கும்.

பொருளாதார நிலையையும் சிறிது நோக்குவோம். 2012இற் செய்த உடன்படிக்கையால் வறிய நாடுகளுக்கு ஒரு பெட்டகத்தின் விலை 9.98 டொலராகக் குறைக்கப்பட்டது. 2023இல் அது 7.97 டொலராயிற்று. இயந்திரத்துக்கோ தடையற்ற மின்சாரமும், மிகாத வெப்பமும், ஆண்டுதோறும் பராமரிப்பும் வேண்டும். ஆகவே நகரத்து வைத்தியசாலையில் இயந்திரம் இருக்க, காட்டோரக் கிராமத்துக் குழந்தை பழைய நிலையிலேயே இருத்தல் இன்றும் பல நாடுகளிற் காணப்படுகின்றது.

இனி, எண்ணிக்கையைப் பற்றி நான் தொடக்கத்திற் கூறியதற்கு வருகின்றேன். குழந்தைகளின் காசத்துக்கு உலகளாவிய மதிப்பீட்டை உலக சுகாதார தாபனம் முதன்முதலாக வெளியிட்டது 2012ஆம் ஆண்டிலேயாகும். அப்போது கூறப்பட்ட தொகை ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய ஐந்து இலட்சம். பின்னர்க் கணக்கிடும் முறை திருந்தத் திருந்தத் தொகை உயர்ந்தது. 2023ஆம் ஆண்டில் உலகிற் காசநோயுற்ற ஒரு கோடியே எட்டு இலட்சம் பேரில் நூற்றுக்குப் பன்னிருவர், அதாவது ஏறத்தாழப் பதின்மூன்று இலட்சம் பேர், பதினைந்து வயதுக்குட்பட்டவர் என மதிப்பிடப்பட்டது. நோய் திடீரெனப் பெருகியதால் எண் உயர்ந்தது என்று கொள்ளற்க. முன்னர் இருந்தும் காணப்படாதவர்கள் இப்போது கணக்கினுள் வந்தனர். 2015ஆம் ஆண்டு பற்றி 2017இல் வெளிவந்த ஆய்வொன்று, அவ்வாண்டிற் காசத்தால் இறந்த சிறுவர் 2,39,000 பேர் என்றும், அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் காசத்துக்குரிய சிகிச்சை எதுவுமின்றியே இறந்தனர் என்றும் மதிப்பிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு! மருந்து உலகில் இருந்தது. அது தேடிச் செல்லவேண்டிய குழந்தை யாரென்று தெரிந்திலது.

நேயர்களே, இவ்வரலாறு வைத்தியருக்கு மட்டும் உரியதன்று. குழந்தைக்குக் காசம் பெரும்பாலும் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடமிருந்தே வருகின்றது. பாட்டனாருக்கோ, தகப்பனாருக்கோ, சிறிய தாயாருக்கோ இந்நோய் கண்டவுடன் வீட்டிலுள்ள பிள்ளைகள் அனைவரையும் வைத்தியரிடம் காட்டுதல் முதற் கடமை. நோயுறாத சிறு பிள்ளைக்கு நோய் வராமற் காக்கும் மருந்தும் உண்டு. நம் நாட்டிலே பிறந்தவுடன் இடப்படும் பி.சி.ஜி. ஊசி, மூளைச் சவ்வைத் தாக்கும் கொடிய வகையிலிருந்து சிசுவைப் பெரிதும் காக்கின்றது. ஆயினும் எல்லா வகைக் காசத்தையும் அது தடுத்துவிடும் என்று எண்ணி அயர்ந்திருத்தல் கூடாது.

பாடசாலையிற் பல்லாண்டு பணியாற்றும் எனக்கு ஆசிரியர்களை நோக்கியும் ஒரு சொல் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் நீங்காத இருமல், விட்டு விட்டு வரும் காய்ச்சல், ஏறாத நிறை, விளையாட்டில் முன்னிருந்த விருப்பம் குன்றுதல் ஆகிய இவையே குழந்தைக் காசத்தின் வெளிக்குறிகள். இவற்றுள் கடைசிக் குறி எந்த நுணுக்குக்காட்டிக்கும் தெரியாது. நாள்தோறும் பிள்ளையைப் பார்க்கும் தாய்க்கும் ஆசிரியருக்குமே தெரியும். அத்தகைய பிள்ளையைச் சோம்பேறி என்று கடிந்து ஒதுக்காமல், பெற்றோரை அழைத்து, மாவட்டத்திலுள்ள மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பிவைத்தல் வேண்டும். அங்கே சோதனையும் சிகிச்சையும் இலவசமே. காசம் என்ற சொல்லைக் கேட்டதும் கதவை மூடிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக ஒழியவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் அகப்பட்டுக்கொள்வது குழந்தையே.

மலத்தில் ஒரு துளியைக் கொண்டு நோயைக் கூறும் கருவி நம் காலத்திலே வந்துவிட்டது. அதனினும் நுண்ணிய கருவிகள் நாளை வரலாம். ஆனால் எந்தக் கருவியாயினும், தன்னிடம் கொண்டுவரப்பட்ட குழந்தையையே அது சோதிக்கும். கொண்டுவருகின்ற பொறுப்பு நம்முடையது. கருவி இல்லை என்று சொன்ன பின்னரும் குழந்தை மெலிந்துகொண்டே சென்றால், மீண்டும் கொண்டுசெல்கின்ற பொறுப்பும் நம்முடையதே.